ரொசாரி அணைத்த சிவப்பு விளக்கு

கணவன் லூர்துவின் வயிற்றிலிருந்து கழிவுநீர் வடிந்த பையைத் தூக்கிப் பிடித்து, அதற்குப் பின்னால் செய்தித்தாளை விரித்தாள் ரொசாரி. எழுத்து பளிச்சென்று தெரிந்தது. கலங்கல் இல்லை, சீழ் இல்லை. சிறுநீரகம் செத்துப்போன அவனுக்கு, வயிற்றுக்குள் பையிலிருந்து திரவத்தை விட்டு வடிப்பதுதான் கழிவை வெளியேற்றியது. பத்து வருடம் காத்திருந்த மாற்றுச் சிறுநீரகம் காலையில்தான் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தது. இனி பையோடு மட்டும் ஓட்டினால் லூர்துவின் இதயம் இந்த வருடத்தைத் தாண்டாது என்று முன்பே சொல்லிவிட்டார்கள்.

முன்னெல்லாம் வயிற்றுச் சவ்வு ஏழெட்டு வருடம் தாங்கினாலே அதிசயம். உடம்பின் நீரை இழுக்கத் திரவத்தில் சர்க்கரை வேண்டும். இழுக்கிற சர்க்கரையே சவ்வின் செல்களைப் பொசுக்கிவிடும். லூர்துவுக்கு வைத்ததோ சர்க்கரைக்குப் பழக்கிய புதுச் செல்கள், திடச்சவ்வு. கூடவே இடுப்பில் ஒரு சவ்வுமானி. செல்கள் சுகமாக இருந்தால் பச்சை, வாடினால் சிவப்பு; அவற்றின் மிச்ச ஆயுளையும் அது காட்டும்.

டாக்டர் இசக்கியப்பன் மானியின் பதிவைத் திறந்தார். அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"தினம் நாலு மணி நேரம் வயித்தைத் திரவம் இல்லாம காலியா விடச் சொன்னோமேம்மா, விட்டீங்களா?"

"சிவப்பு எரியுமே சார்! பார்த்துட்டு எப்படிச் சும்மா இருக்கிறது? உடனே அடுத்த பையை மாட்டிருவேன்."

"எரியணும்மா. பட்டினி கிடந்தாத்தான் சர்க்கரை இல்லாம வாழ அந்தச் செல்லுங்களுக்குத் தெரியும். இப்ப திரவத்தை நிறுத்தினா அத்தனையும் செத்து, தழும்பு குடலை இறுக்கிரும். நிறுத்தாம கிட்னி வச்சா, அதுக்குக் கொடுக்கிற மருந்து எதிர்ப்புசக்தியைக் குறைச்சிரும், வயித்துக் குழாய் வழியா கிருமி ஏறி ஆளையே தின்னுரும்." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நாங்களும் மாசாமாசம் பச்சையைப் பார்த்தமே தவிர, பதிவைப் பார்க்கலை."

"அப்போ கிட்னி?"

வெளியே நர்ஸ், கிட்னிப் பட்டியலில் அடுத்து இருந்த மெல்கியோரைக் கூப்பிட்டாள். அடுத்த தெருக்காரன், அவனுக்கும் திடச்சவ்வுதான். பையை மறந்துவிட்டுச் சீட்டாடப் போகிறவன். அவன் இடுப்பில் பாதிநாள் சிவப்புதான். "நீயெல்லாம் ஒரு மனுசனா?" என்று ரொசாரியே அவனை எத்தனை தடவை திட்டியிருப்பாள்!

ஐயோ, என் கையாலேயே கெடுத்துட்டேனே என்று அவளுக்கு நெஞ்சு வெடித்தது. லூர்துவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

லூர்து தன் இடுப்பில் எரிந்த சிவப்பைக் குனிந்து பார்த்தான்.

"பையை மாட்டு புள்ள," என்றான்.

மாட்டினாள். சவ்வுமானி பச்சைக்கு மாறியது. செல்களுக்கு இன்னும் நாற்பது வருடம் ஆயுள் என்று காட்டியது.