மழையில் எழுந்து நின்றவன்

"மணி மூணரை ஆச்சு. இனிமே யாரையும் மேல விடமாட்டேன்."

பாதைக்குக் குறுக்கே கட்டியிருந்த மூங்கிலில் கையை ஊன்றிக்கொண்டு எமெலே சொன்னாள். எதிரே நின்றவன் தோளில் ஒரு பை, காலில் ரப்பர் செருப்பு, முகம் நிறையக் கெஞ்சல். கண்கள் மட்டும் கெஞ்சவில்லை... சிரித்தன. அதுதான் அவளுக்கு எரிச்சல்.

"சவாயித் தீவுலேர்ந்து கடல் தாண்டி, ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேங்க. அருவியை எட்டிப் பார்த்துட்டு ஓடி வந்துடறேன்."

"எட்டிப் பார்த்துட்டு வர அது என்ன உங்க அத்தை வீடா? போக ஒரு மணி, வர ஒரு மணி. ஆறரைக்குப் பிரார்த்தனைச் சங்கு ஊதிடுவாங்க."

"இப்படிப் பேசிக்கிட்டு நிக்கற நேரத்துல பாதி வழி போயிருக்கலாம்."

என்ன திமிர்! ஆனால் வந்தவனைத் திருப்பி அனுப்பவும் மனசு வரவில்லை. அருவி விழுவது எமெலே வீட்டு நிலத்தில். வருகிறவர்களைக் கூட்டிப்போய்ப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பது அந்த வீட்டின் பொறுப்பு. நல்லபடியாகத் திரும்பினால் பெருமை அருவிக்கு... காலை உடைத்துக்கொண்டால் கெட்ட பேர் எமெலேயின் அப்பாவுக்கு. மூங்கிலைத் தூக்கிவிட்டு அவள் முன்னால் நடந்தாள்.

பேர் மலாக்கி என்றான். இரண்டு தீவுகளுக்கும் நடுவே ஓடுகிற கப்பலில் கயிறு கட்டுகிற வேலையாம்.

"தினமும் தண்ணியிலதானே இருக்கீங்க? அருவியில அப்படி என்ன அதிசயம்?"

"எங்க பக்கம் பூரா எரிமலைக் கல்லு. எவ்வளவு மழை பெஞ்சாலும் கல்லே குடிச்சிடும். இதுவரைக்கும் அருவியில நனைஞ்சதே இல்லைங்க."

"நீச்சலாவது தெரியுமா?"

அவன் பெரணிச் செடியை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டு வந்தான்.

"கடவுளே... கப்பல்ல வேலை, நீச்சல் தெரியாது!"

"கப்பலுக்குத் தெரியுமே. அது போதாதா?"

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. காடு முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்துவிட்டாள்.

கடைசித் திருப்பத்தில் மரங்கள் விலகின. அருவி வெள்ளை வெளேரென்று பாறையிலிருந்து குதித்துக்கொண்டிருந்தது. மலாக்கி சட்டையோடு போய்ச் சாரலில் நின்றான். முகத்தைத் தூக்கி, கண்ணை மூடி... கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தபோது அந்தக் கண்கள் நேராக அவளைத்தான் பார்த்தன. எமெலே பாறையில் ஒட்டியிருந்த பாசியைச் சுரண்ட ஆரம்பித்தாள். பாசி அப்படி என்ன பாவம் பண்ணியதோ!

மழை அப்போதுதான் பிடித்துக்கொண்டது. திரும்பும் வழியில், போகும்போது முழங்காலளவே இருந்த ஆறு பழுப்பாகச் சுழித்து ஓடியது. வேகம் குறையட்டும் என்று ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். பிறகு இடுப்பளவு தண்ணீரில் எமெலே முதலில் இறங்கி, அவன் மணிக்கட்டை இறுகப் பிடித்து, ஒவ்வொரு அடியாகக் கரை சேர்த்தாள். கரை ஏறிய பிறகும் கையை விட மறந்துபோனாள். அவனும் ஞாபகப்படுத்தவில்லை.

ஓட்டமும் நடையுமாக ஊருக்குள் நுழைந்தபோது சங்கு ஊதிவிட்டது.

சங்கு ஊதினால் எங்கள் ஊரில் நடக்கிறவன் அங்கேயே உட்கார வேண்டும். பிரார்த்தனை முடிந்து மறுபடி ஊதும்வரை எழுந்திருக்கக் கூடாது. வழி நெடுக ஊர் இளைஞர்கள் காவல் நிற்பார்கள். எமெலே சாலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். அவன், மரியாதையாக, அந்தப் பக்கம். மழை விடவில்லை. எங்கள் வீடுகளுக்குச் சுவர் கிடையாது, ஊரே பார்க்கும். தெப்பலாக நனைந்த கல்யாணமாகாத பெண்ணும், யாரோ ஒரு ஆணும்... எமெலே தலையைக் குனிந்துகொண்டாள். குளிரில் பல் தந்தியடித்தது.

அப்போதுதான் மலாக்கி எழுந்தான்.

பையில் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்த காய்ந்த வேட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு, சாலையைக் குறுக்கே கடந்து வந்து, அவள் தோளைச் சுற்றிப் போர்த்தினான். வீடுகளில் பிரார்த்தனைப் பாட்டு ஒவ்வொன்றாக நின்றது.

விருந்தாளி செய்த தப்புக்கு வீட்டுக்காரர்தான் பொறுப்பு. அன்று ராத்திரியே கூடிய ஊர்க்கூட்டத்தில் எமெலேயின் அப்பா கொழுத்த பன்றி ஒன்றை அபராதமாகக் கொடுத்தார். பன்றி போனதுகூட அவருக்குப் பெரிதில்லை. "உன் வீட்டுக்கு வர்றவனுக்கு உட்காரக்கூடத் தெரியாதா?" என்று ஒருவர் கேட்டாரே, அதுதான் அவரைச் சுட்டது. அருவிப் பாதையை மூடினார். அந்தப் பயல் இனி இந்த ஊர் மண்ணை மிதிக்கக் கூடாது என்றார்.

எமெலேக்கும் கோபம்தான். மறுநாள் காலை பஸ்ஸுக்கு நின்றவனிடம் பொரிந்து தள்ளினாள்.

"கப்பல்லயே இருந்து ஊர் வழக்கமெல்லாம் மறந்துபோச்சா? எங்கப்பா தலை குனிஞ்சு நின்னாரு, தெரியுமா? இனிமே இந்தப் பக்கம் வராதீங்க!"

"மன்னிச்சிடுங்க" என்றான். அவ்வளவுதான். பஸ் போய்விட்டது.

வராதே என்று சொன்னவள் அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு பஸ்ஸையும் பார்த்தாள். வேட்டியைத் துவைத்தாள், காயவைத்தாள், மறுபடி துவைத்தாள். 'ஏண்டி இப்படி?' என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். அவன் மேல் ஆசை வந்துவிட்டது. அதை யாரிடம் சொல்ல முடியும், அப்பாவிடமா?

பத்தாம் நாள் விடியற்காலை ஊரே கூடி நின்று கிசுகிசுத்தது.

எமெலே வீட்டு வாசலில் ஒரு ஆள் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். தலைமேல் பட்டு மாதிரி மெல்லிய பெரிய பாயைப் போர்த்தியிருந்தான். முகம் தெரியவில்லை. ரப்பர் செருப்பு மட்டும் பக்கத்தில் கிடந்தது. எமெலேக்கு அது போதும்.

"ஐயோ, யாரைக் கொன்னுட்டான்?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

கேட்டதில் தப்பில்லை. எங்கள் தீவுகளில் கொலை மாதிரிப் பெரும் பாவம் செய்தவன்தான் அப்படிப் பாய்க்கடியில் உட்காருவான். பாதிக்கப்பட்ட வீட்டார் பாயைத் தூக்கினால் மன்னிப்பு. தூக்காவிட்டால் உட்கார்ந்தே இருக்க வேண்டியதுதான்.

"பைத்தியக்காரன்!" அப்பா ஓலைத் தட்டிக்குப் பின்னாலிருந்து பல்லைக் கடித்தார். "பிரார்த்தனையில எழுந்ததுக்கு யாராவது இப்படிப் பாய்க்கடியில உட்காருவாங்களா? ஊரே சிரிக்குது!"

அம்மா கொக்கோவை ஆற்றிக்கொண்டே சொன்னாள். "உட்காரத் தெரியாதவன்னுதானே சொன்னாங்க? ரெண்டு மணி நேரமா அசையாம உட்கார்ந்திருக்கான், பாருங்க."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததை மறைக்க இருமினார்.

"பாயைப் பார்த்தீங்களா?" என்றாள் அம்மா மறுபடி. "இந்த நெசவு கல்யாணத்துக்குக் கொடுக்கறது. பெத்தவ மனசு வைக்காம இது வெளியில வராது."

மழை தூற ஆரம்பித்தது. அப்பா எமெலேயை நிமிர்ந்து பார்த்தார். அவள் கண்ணில் என்ன கண்டாரோ... "போ. எதுக்கு வந்தான்னு நீயே கேளு" என்றார்.

எமெலே போய்ப் பாய்க்குப் பக்கத்தில் குந்தினாள்.

"உங்களுக்குக் கொஞ்சமாவது அறிவிருக்கா?"

"இல்லைங்க" என்றது பாய்.

"மறந்துதானே எழுந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்பாங்க. இதுக்குப் போய்..."

"மறக்கலை." குரல் தழைந்தது. "எங்க ஊர்ல உங்க ஊரைவிடக் கண்டிப்பு. தவழ்ற வயசுலேர்ந்து உட்கார்ந்து பழகினவன் நான். அன்னிக்கு உங்க உதடு நீலமாயிருந்துச்சு... பார்த்துக்கிட்டு இருக்க முடியலை. தெரிஞ்சேதான் எழுந்தேன்."

எமெலே அந்தப் பாயையே பார்த்தாள். இத்தனை நாளாக ஊர் முழுக்கத் திட்டியதை வாங்கிக்கொண்டு, தன் திட்டையும் வாங்கிக்கொண்டு, வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறானே!

"உங்கப்பா தலை குனிஞ்சதுக்குத்தான் மன்னிப்பு. எழுந்ததுக்கு இல்லை. நாளைக்கே அப்படி நடந்தாலும் எழுந்திருப்பேன்... கப்பல்லேர்ந்து தினமும் அத்தனை பேர் இறங்கறாங்க, எமெலே. ஒவ்வொரு முகமா உன்னைத் தேடறேன். நீ எதுக்குக் கப்பல் ஏறப்போற? தெரியும். ஆனாலும் தேடறேன்."

'நீ' என்று சொல்லிவிட்டான். எமெலே எழுந்து நின்றாள். திரும்பி வீட்டைப் பார்த்தாள். ஊரையும் பார்த்தாள். சுவரில்லாத வீடுகள் எல்லாவற்றிலும் காதுகள்.

"அப்பா! இவரு எழுந்ததுக்கு வருத்தமே படலையாம்!"

பாய் நடுங்கியது. அப்பாவின் புருவம் ஏறியது.

"எனக்கும் வருத்தம் இல்லைப்பா. எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு... சீக்கிரம் வந்து பாயைத் தூக்குங்க. நல்ல பாய், நனையுது!"

அம்மா கொக்கோக் கோப்பையைக் கீழே வைத்தாள். அப்பா வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மழையில் படியிறங்கி வந்து பாயின் ஓரத்தைப் பிடித்தார்.