சந்தனப் பொட்டு வைத்த கைப்பேசி

“டீச்சர், போனு எந்த ஊர்ல பொறக்கும்?”

பாலர் பள்ளியில் ஷர்மினி என்ற வாண்டு ஒருநாள் இப்படிக் கேட்டபோது லோஷினி சிரித்துவிட்டாள். “போனுக்கு ஏதும்மா ஊரு? கடையில பொறக்கும்” என்று சொல்லி, வண்ணப் பென்சிலைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

குழந்தைகளுக்கு அவசரமாகப் பதில் சொல்லக் கூடாது. அவர்களுடைய கேள்விகள் நம்மைத் தேடித் திரும்பி வரும். லோஷினியைத் தேடி அந்தக் கேள்வி ஸ்கூடாய் நகரில், ஒரு மழை மாலையில், லிம் ஆன்ட்டியின் கைப்பேசிக் கடைக்கு வந்தது.

கண்ணாடி மேசைமேல் ஒரு புத்தம் புதுக் கைப்பேசி. தோஹாவில் தாதியாக இருக்கும் அக்கா கஸ்தூரி, அப்பாவுக்காக வாங்கிக் கொடுத்தனுப்பியது. அப்பா காளியப்பன் சாஆ என்ற தோட்டப்புற ஊரில் தனியாக இருக்கிறார். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். அம்மா தவறிப் போய், அவரும் நெஞ்சு வலியென்று ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்த பிறகு, படுக்கும் முன் அவர் குரலைக் கேட்காவிட்டால் லோஷினிக்குத் தூக்கம் வராது. பழைய போன் லோரி டயருக்கு அடியில் போய்விட்டது. அப்பா பெட்டியோடு இவளிடம் கொடுத்தனுப்பிய புதுப் போனோ எந்த சிம்மைப் போட்டாலும் ‘இந்த சிம் செல்லாது’ என்கிறது.

லிம் ஆன்ட்டி பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம், வெள்ளை ஒட்டுத்தாள்மேல், கட்டை விரல் அகலத்துக்குக் காய்ந்த சந்தனம். நடுவில் குங்குமம்.

பக்கத்தில் யாரோ ‘க்ளுக்’ என்று சிரித்தார்கள்.

லோஷினி திரும்பினாள். உயரமான ஒருவன்... கையில், திரைக்குக் கண்ணாடி ஒட்டக் கொண்டுவந்த போன். சிரிப்பை அடக்கத் தெரியாத கண்கள்.

“என்ன சிரிப்பு?”

“இல்ல... போனுக்குப் பொட்டு வெச்சது யாருன்னு...”

“எங்கப்பா. சாமி மேடையில வெச்சு கும்பிட்டாங்க. அதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?”

“ஒரு கஷ்டமும் இல்லீங்க. எங்கம்மா வாஷிங் மெஷினுக்கு மாலையே போட்டாங்க.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் காட்டிக்கொள்ளவில்லை... அப்பா வைத்த பொட்டைப் பார்த்துச் சிரித்தவனோடு எதற்குச் சிரிக்க வேண்டும்?

லிம் ஆன்ட்டி ஈரத்துணியால் சந்தனத்தைப் பக்குவமாகத் துடைத்தார். அடியில் பொடி எழுத்துகள் தெரிந்தன. அவர் மலாயில் விளக்கினார்: இது வளைகுடா நாடுகளுக்கென்று செய்த செட். உள்ளே இருக்கும் மென்பொருளும் அந்த ஊருக்கானது. முதன்முதலில் அந்த ஊர் சிம்மைப் போட்டு ஐந்து நிமிடம் பேசினால்தான் மற்ற ஊர் சிம்களுக்குக் கதவு திறக்கும். வாங்கும் முன்பே பெட்டியின் பின்பக்கத்தைப் படித்திருக்க வேண்டும்.

“ஜப்பான் செட்டா இருந்தா கேமரா சத்தத்தை அடக்கவே முடியாது. சில ஊர் செட்டுல நம்ம லைன் சரியா எடுக்காது. விலையைப் பார்க்கிறாங்க, ஊரைப் பார்க்கிறதில்ல லா...” என்று அலுத்துக்கொண்டார்.

போனுக்கும் ஊர் இருக்கிறது! ஷர்மினி, என்னை மன்னித்துவிடம்மா...

“வளைகுடா சிம்முக்கு நான் எங்க போவேன் ஆன்ட்டி? நாளைக்கு அப்பா போனை எடுத்துக்க வராங்க.”

“என்கிட்ட இருக்கு” என்றான் சிரித்தவன்.

பர்ஸைத் திறந்து, தாளில் மடித்த சிம்மை எடுத்தான். பெயர் ரூபேந்திரன். மின்சார வேலை. தோஹாவில் ஒப்பந்தம் முடிந்து திரும்பியிருக்கிறான். கம்பெனி மறுபடி கூப்பிடுவதாகச் சொல்லியிருப்பதால் அந்த எண்ணை விடாமல் வைத்திருக்கிறான்.

“இதைப் போட்டு என் லோக்கல் நம்பருக்கு அடிங்க. அஞ்சு நிமிஷம்தானே...”

தெரியாதவன் சிம்மா? லோஷினி தயங்கினாள். அப்பாவின் தனி வீடு கண்ணில் வந்தது. தலையசைத்தாள்.

ஒரே இடத்தில் நின்று பேசியபோது இரண்டு போனும் கீச்சிட்டன. “நான் எதிர்ல போறேன். குடை இருக்கா?” என்றான். அவளிடம் இருந்தது பாலர் பள்ளிக் குடை. மஞ்சள் வாத்துகள் வரிசையாக நீந்தும் குடை. அந்த உயரமான மனிதன் அதைப் பிடித்துக்கொண்டு கார் நிறுத்துமிடத்தைக் கடந்து, எதிர்ச் சாப்பாட்டுக் கடையின் தகரத்துக்கு அடியில் போய் நின்றான். அதைப் பார்த்ததும்... இந்த முறை அவளால் அடக்க முடியவில்லை.

“இப்ப யாரு சிரிக்கிறது?” என்று காதுக்குள் குரல் கேட்டது.

“சரி... ஒண்ணுக்கு ஒண்ணு சரியாப் போச்சு.”

“என் போன்ல என் தோஹா நம்பரே வருது. நானே என்னைக் கூப்பிட்ட மாதிரி இருக்கு.”

“அஞ்சு நிமிஷம் என்ன பேசுறது?”

“டீச்சர்தானே... ஒரு கதை சொல்லுங்க.”

“நான் டீச்சர்னு எப்படித் தெரியும்?”

“வாத்துக் குடையில பள்ளிக்கூடப் பேரு போட்டிருக்கு.”

அவள் ஷர்மினியின் கேள்வியைச் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை.

“நல்ல கேள்வி டீச்சர். மனுஷங்களும் அப்படித்தான். நான் தோஹாவில இறங்கின முதல் நாள்... கேம்ப்ல யாரையும் தெரியாது. கையில அந்த ஊர் சிம் இல்ல. அம்மாகிட்ட வந்து சேர்ந்துட்டேன்னு சொல்லணும். பக்கத்துக் கட்டில்ல ஒரு நேப்பாளி. என் முகத்தைப் பார்த்தாரு. தன் போனை நீட்டிட்டு, நான் பேசுறது கேட்கக் கூடாதுன்னு வெளிய போய் நின்னாரு. மறுநாள் அவரை வேற கேம்ப்புக்கு மாத்திட்டாங்க. பேரு கூடக் கேக்கல.”

லோஷினி நிமிர்ந்து பார்த்தாள். மழைத் திரைக்கு அப்பால் அந்தக் கண்கள்... சிரித்துக்கொண்டே இருக்கும் என்று நினைத்த கண்கள், இப்போது நனைந்த சாலையில் விழுந்த விளக்கொளி மாதிரி மெல்ல நடுங்கின. அவனும் பார்த்தான். ஒரு கார் இருவருக்கும் நடுவில் போனது. பார்வை நகரவில்லை.

“உங்க பேரு சொல்லலையே...”

“லோஷினி.”

“லோஷினி...” அவன் திருப்பிச் சொன்னான். அவ்வளவுதான். அவள் காதோரம் சூடானது.

லிம் ஆன்ட்டி கையாட்டினார். நேரம் முடிந்தது. அவன் திரும்பி வந்து தன் சிம்மைப் பர்ஸில் வைத்துக்கொண்டான். உள்ளூர் சிம்மைப் போட்டதும் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன.

இங்கேதான் அவள் தப்புச் செய்தாள். பணத்தாளை எடுத்து நீட்டினாள்.

“ரோமிங் நிறைய ஆயிருக்கும். பிடிங்க.”

“வேணாம் டீச்சர்.”

“தெரியாதவங்ககிட்ட நான் கடன் வெக்க மாட்டேன்.”

அவன் முகம் மூடிக்கொண்டது. “அஞ்சு நிமிஷம் பேசியும் தெரியாதவன்தானா... உதவிக்கு விலை போடாதீங்க.”

குடையை மேசைமேல் வைத்துவிட்டு மழைக்குள் இறங்கிப் போய்விட்டான்.

என்ன திமிர்... என்று நினைத்தாள். யாருக்கு என்று மனசு கேட்டது.

அன்று இரவு அப்பாவின் போனில், அழைப்புப் பட்டியலில் ஒரே ஒரு எண் இருந்தது. அவனுடையது. குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தாள். பொண்ணு முதலில் கூப்பிடுவதா... பேனாவை மூடிவிட்டாள். மறுநாள் அப்பா வந்து போனை வாங்கிக்கொண்டு சாஆவுக்குப் போய்விட்டார்.

அவன் எண் சாஆவில். அவனிடமோ அவள் எண் இல்லை. கூப்பிட்டது அவனுடைய சிம்மிலிருந்து அல்லவா.

அப்பா தினமும் பேசினார். போனைப் பற்றியே பேசினார்.

“லோஷி, ஏதோ புதுசா மென்பொருள் வந்திருக்கு, ஏத்தவான்னு கேட்டுச்சு. பயந்துட்டேன். உள்ள ஒரு நம்பர் இருந்துச்சே... கடைக்காரர்னு நினைச்சு அடிச்சேன். அந்தத் தம்பி நல்ல மாதிரி. முதல்ல சார்ஜ் போடுங்க அங்கிள், முடியிற வரைக்கும் தொடாதீங்கன்னு சொல்லி, முடிஞ்சதும் மறுபடி கூப்பிட்டு சரியா இருக்கான்னு கேட்டுச்சு.”

லோஷினி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“அப்புறம் தொழுகை நேரத்துக்கு இதுவே கூப்பிடுது. அரபு நாட்டுச் செட்டு இல்லையா. நிறுத்தணுமா அங்கிள்னு தம்பி கேட்டுச்சு. வேணாம், அவங்க சாமி கும்பிடுற நேரத்துல நானும் லோரியை ஓரங்கட்டி முருகனைக் கும்பிட்டுக்கிறேன்னு சொன்னேன். அது சிரிச்சுச்சு பாரு...”

அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. மானம்... பாழாய்ப்போன மானம்.

ஒருநாள் அப்பா சொன்னார். “தம்பிக்குத் தோஹாவில இருந்து கூப்பிட்டுட்டாங்களாம். திங்கக்கிழமை பதில் சொல்லணுமாம். உங்க ஊருக்குப் பக்கத்துல செடெனாக்கில டேட்டா சென்டர் வேலையும் கிடைச்சிருக்காம். எதுக்குப் போறதுன்னு தெரியலையாம்.”

அந்த சனிக்கிழமையே லோஷினி சாஆவுக்கு பஸ் ஏறினாள்.

அப்பா வாசலில் லோரியின் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை. போனை எடுத்து நீட்டினார்.

“எதுக்குப்பா?”

“பஸ் ஏறி வந்தது எனக்காகவா? அவன் கடைக்காரன் இல்லைன்னு முதல் நாளே உண்மையைச் சொல்லிட்டான். உங்க பொண்ணுக்கு சிம் குடுத்தவன்னான். நீ இதுவரைக்கும் சொன்னியா?”

அவள் தலைகுனிந்தாள்.

“இத்தனை நாள் பேசுறான். ஒருவாட்டி கூட உன் நம்பரைக் கேக்கல. கேட்டிருந்தா அன்னிக்கே போனை வெச்சிருப்பேன்” என்றார் அப்பா. “பேசு. எனக்கு டயர் கழுவணும்.”

குழாயை வேண்டுமென்றே பெரிதாகத் திறந்துவிட்டார். அந்தச் சத்தத்தில் வேறெதுவும் அவருக்குக் கேட்காது.

மழையும் வந்துவிட்டது... செம்பனை மட்டைகளில் தாளம் போட்டுக்கொண்டு. லோஷினி தாழ்வார ஓரம் ஒதுங்கி அவன் எண்ணை அழுத்தினாள்.

“சொல்லுங்க அங்கிள்... மறுபடி என்ன கேக்குது போனு?”

“அங்கிள் இல்ல...”

“டீச்சரா?”

“ம்...”

“கடனைத் தீர்க்கக் கூப்பிட்டீங்களா?”

“மன்னிப்புக் கேக்கக் கூப்பிட்டேன். அன்னிக்கு நீங்க குடுத்ததுக்கு நான் விலை பேசியிருக்கக் கூடாது. எனக்கு... வாங்கிப் பழக்கமில்ல. அம்மா போனதுல இருந்து எல்லாத்தையும் நானே பார்த்துக்கிட்டேன்.”

“நானும் அப்படிக் கோவிச்சுக்கிட்டுப் போயிருக்கக் கூடாது. பாதி வழியில திரும்பி வந்தேன். கடை மூடிட்டாங்க.”

திரும்பி வந்தானா... அவள் கண் நிறைந்தது.

“ஒண்ணு சொல்லட்டுமா? சிரிக்கக் கூடாது” என்றான். “நீங்க கூப்பிட்ட நம்பரை ‘லோஷினி’ன்னு சேமிச்சு வெச்சிருக்கேன்.”

“அது உங்க நம்பர்...”

“தெரியும். சில நாள் மனசு கேக்காம அடிப்பேன். அந்த சிம்மைப் போட்டு வெச்ச பழைய போன் என் மேசை டிராயருக்குள்ளயே மணி அடிக்கும். எடுக்கத்தான் ஆள் இல்ல.”

லோஷினி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். மழைக்கு எது என்று தெரியவா போகிறது...

“இனிமே டிராயரைக் கூப்பிடாதீங்க. என் நம்பரை எழுதிக்கோங்க.”

நிதானமாகச் சொன்னாள், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதைப் போல. அவன் திருப்பிச் சொன்னான்.

“திங்கக்கிழமை என்ன பதில் சொல்றது டீச்சர்?”

“அது உங்க வேலை. நான் சொல்லக் கூடாது. ஆனா...” அவள் கண்ணை மூடிக்கொண்டாள். “நீங்க தோஹாவில இருந்தாலும் செடெனாக்கில இருந்தாலும் எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. பக்கத்துல இருந்தா இன்னும் நல்லாப் பிடிக்கும்.”

“அப்ப செடெனாக்” என்றான். யோசிக்கவேயில்லை. “நேத்தே முடிவு பண்ணிட்டேன். இதைக் கேக்கத்தான் காத்துக்கிட்டு இருந்தேன்.”

“அலமாக்... அடப்பாவி, ஏமாத்துக்காரன்.”

வெளியே அப்பா குழாயை மூடினார். கழுவிய டயரையே மறுபடி ஒருமுறை துடைக்க ஆரம்பித்தார்.

கல்யாணம் தைப்பூசம் கழிந்து என்று பேச்சானது. ரூபேந்திரன் அந்தத் தோஹா சிம்மை லிம் ஆன்ட்டியிடம் கொடுத்துவிட்டான். வளைகுடாவிலிருந்து வரும் போன்களோடு யாராவது தவித்துக்கொண்டு வருவார்கள், திறந்து கொடுங்கள், காசு வாங்காதீர்கள் என்றான். ஆன்ட்டி அதை மேசை டிராயரில், ஒரு சின்ன மருந்து டப்பாவுக்குள் வைத்தார். சிம்மில் இருக்கும் காசு தீரும்வரை ஓடட்டும் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள்.

ஒரு மதியம் பாலர் பள்ளி விட்டுப் பிள்ளைகள் போய்விட்டார்கள். கடைசியாகப் போன ஷர்மினி வாசலில் செருப்பை இடம் மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினாள். குட்டி நாற்காலிகளுக்கு நடுவே லோஷினி தனியாக உட்கார்ந்தாள். தன் கைப்பேசியை எடுத்தாள். அதில் ஒரு எண் இருந்தது. அவன் போனில் ரொம்ப நாள் அவள் பெயரில் இருந்த அவனுடைய தோஹா எண்.

அன்று மழையில் அவன் வாங்க மறுத்த அந்தத் தொகையை, கூட்டாமல் குறைக்காமல், அந்த எண்ணுக்குப் பேச்சுக் காசாக ஏற்றினாள். ‘சேர்ந்தது’ என்று செய்தி வந்தது. படித்தாள். அதை அழித்தாள்.

பிறகு எழுந்து, காலை மழையில் நனைந்து மூலையில் சாய்ந்திருந்த வாத்துக் குடையை விரித்து, உலர வைத்தாள்.