வீட்டுக்கென்று ஒரு பீடம்

அந்த வீட்டில் சுவர்க்கடிகாரமே கிடையாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவள் பீடத்தின் முன் நின்று தூசி துடைத்துக்கொண்டிருந்தபோது, சமையலறைப் பக்கமிருந்து மூன்று மணி அடித்தது. கடைசி அடிக்குப் பிறகு, துருப்பிடித்த சங்கிலி இழுபடுவதுபோல ஒரு கரகரப்பு நீண்டு, மெல்ல அடங்கியது. அந்தக் கரகரப்பு அவளுக்குத் தெரியும். நாலு தெரு தள்ளியிருக்கும் வாத்தியார் வீட்டுக் கடிகாரம் அப்படித்தான் அடிக்கும். ஏழு வருடமாக அந்த வீட்டில் அவள் தரை துடைக்கிறாள்.

பீடம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பலகை, தாங்க இரண்டு கட்டை, மேலே ஒரு வெள்ளைத் துணி. சுவரில் ஆணி அடிக்கக்கூட அனுமதி கேட்டு இருபது வருடம் வாடகை வீடுகளில் ஓட்டிய பிறகு, இரண்டு அறையும் நாலடிச் சமையலறையுமாக இந்த வீடு அவளுக்கும் தங்கைக்கும் சொந்தமாக வாய்த்தது. குடிவந்த அன்றே வீட்டுக்கு ஏதாவது மரியாதை செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

“எல்லாரும் வீட்டுக்குள்ள பீடம் வைப்பாங்க. நீ வீட்டுக்கே வைக்கிற. அடுத்து என்ன, வாசக்கதவுக்குச் சட்ட தைக்கப் போறியா?” என்று தங்கை சிரித்தாள்.

முதலில் தன்னிடம் இருந்ததைத்தான் வைத்தாள்: ஒரு வழவழப்பான கல், விளிம்பு உடைந்த கிண்ணம், பழைய சாவி ஒன்று. பார்க்கப் பார்க்க வெட்கமாக இருந்தது. இத்தனை காலம் காத்திருந்து கிடைத்த வீட்டுக்கு இதையா கொடுப்பது? அடுத்த வாரம் வாத்தியார் வீட்டு அலமாரியின் பீங்கான் குமிழ் அவள் பைக்குள் வந்தது. பிறகு டாக்டரம்மா வீட்டு ஜன்னலோரத்து நீலக் கண்ணாடிக் குப்பி. பிறகு வேறொரு வீட்டின் பித்தளைக் கொக்கி. யாரும் தேடமாட்டார்கள் என்று தெரிந்ததாகப் பார்த்து எடுத்தாள். ஒவ்வொன்றையும் வைக்கும்போது, “உனக்குத்தான், நல்லா வெச்சுக்கோ” என்று வீட்டிடம் சொன்னாள். தங்கையிடம், வேண்டாமென்று கொடுத்துவிட்டார்கள் என்றாள்.

தங்கை நம்பினாள். அதுதான் குத்தியது. அக்கா கை சுத்தமானவள் என்ற பேரை வைத்துத்தான் தங்கைக்கும் இந்த மாதம் நாலு வீட்டில் வேலை கிடைத்திருந்தது.

இப்போது சமையலறைக் கதவின் அடியிலிருந்து டாக்டரம்மா வீட்டுத் தரை கழுவும் மருந்தின் காட்டமான வாசனை வந்தது. மூக்கில் ஏறி, கண்ணில் நீர் வரவைக்கும் அதே வாசனை. அதன்மேல் ஓர் இருமல். இரண்டு குட்டையாக, ஒன்று நீளமாக. வாத்தியாரின் இருமல்.

உள்ளறையிலிருந்து தங்கை தலையை நீட்டினாள்.

“யாருக்கா இருமுறது?”

“பக்கத்து வீடு.”

“அவங்கதான் பூட்டிட்டு ஊருக்குப் போயிட்டாங்களே.”

சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. திருடினேன் என்ற ஒரே சொல். சொல்லியிருந்தால் இருவரும் வாசல் வழியாக வெளியே ஓடியிருக்கலாம். தரையைப் பார்த்தாள்.

“பூனையா இருக்கும்.”

“சளி பிடிச்ச பூனை! இரு, மருந்து குடுத்துட்டு வரேன்.”

தங்கை சமையலறைக்குள் போனாள். பின்னாலேயே கதவு தானாகச் சாத்திக்கொண்டது. மெதுவாக. விருந்தாளி உள்ளே வந்தபின் சாத்துவதுபோல.

அவள் ஓடிப்போய் கதவைத் தள்ளினாள். அசையவில்லை. திரும்பி வந்து குமிழை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. குப்பியும் வரவில்லை. வேர்விட்டதுபோல ஒட்டியிருந்தன. துணிக்கு அடியில் பலகை வெதுவெதுப்பாக இருந்தது.

கதவுக்குப் பின்னால் காலடிகள். நீளமான கூடத்தில் பல பேர் நடப்பதுபோல. நாலடிச் சமையலறைக்குள்.

“குமிழ் எங்கம்மா?” வாத்தியார் குரல்.

“தெரியாதுங்க ஐயா.” தங்கை.

“நீலக் குப்பி?” டாக்டரம்மா.

“சத்தியமா நான் எடுக்கலம்மா. எங்க அக்காவ வேணா கேளுங்க. நாங்க அப்படிப்பட்டவங்க இல்ல.”

பேச்சு நின்றது. எல்லோரும் காத்திருந்தார்கள். அவளுக்காக.

“அக்கா,” தங்கை கூப்பிட்டாள். “நீயே சொல்லேன்க்கா.”

வாயைத் திறந்தாள். நாலு வீடு. தெரு முழுக்க. தங்கை இனிமேல் தன்னைப் பார்க்கப்போகும் பார்வை.

வாயை மூடிக்கொண்டாள்.

“சரி. நீ வாயத் திற பாப்போம்,” என்றது உள்ளே ஒரு குரல். வாத்தியாருடையது இல்லை. டாக்டரம்மாவுடையதும் இல்லை. நாலு சுவரிலிருந்தும் ஒன்றாக வந்தது. தங்கையிடம் சொன்னது.

ஒரு சின்னச் சத்தம். மரத்திலிருந்து ஆணி கழல்வதுபோல.

பிறகு ஒன்றுமில்லை.

அவள் பீடத்தின் பக்கம் திரும்பினாள். கொக்கிக்கு அடுத்து, புதிதாக ஒன்று.

பல். முன்பல். வேரில் ஈரம். ஓரத்தில் சின்ன உடைசல். சிறுவயதில் அவள் தங்கையைத் தள்ளிவிட்டதில் உடைந்தது. தானாக விழுந்தாள் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாள்.

வெள்ளைத் துணியில் சிவப்பு ஊறிக்கொண்டிருந்தது. பல் மட்டும் சுலபமாகக் கையில் வந்தது. பழக்கதோஷத்தில் அவள் விரல்கள் அதைத் துடைத்தன. பளபளப்பு வரும்வரை துடைத்தன. பிறகு கொக்கிக்குப் பக்கத்தில், வரிசை கோணாமல், நேராக வைத்தன.