மல்லிகையும் வெள்ளிக்கிழமை மானும்

திருகோணமலை மான்களுக்கு வெட்கம் கிடையாது. காட்டில் இருக்கவேண்டியவை கடைத்தெருவில் நிற்கும். பஸ்காரர் ஹோர்ன் அடித்தாலும் அசையாமல் வாழைப்பழத்தோலை மென்றுகொண்டிருக்கும். வேலி இடுப்பளவுதான் என்றால், சொந்த வீடு போலத் தாண்டி உள்ளே வந்துவிடும்.

அப்படி வந்த ஒரு கொம்பன் மான்தான் கீர்த்தனியின் மல்லிகையைத் தின்றது.

அந்தச் செடி அவளுடைய வகுப்புத் தோழி ஷிஃபானா கொடுத்த தடியில் முளைத்தது. அது அடுக்கு மல்லிகை என்று ஷிஃபானா அடித்துச் சொன்னாள். அம்மாவோ இலையைத் தடவிப் பார்த்துவிட்டு ஒற்றை மல்லிகை என்றார். எது உண்மை என்று பூத்தால்தானே தெரியும்? கீர்த்தனி பல் விளக்குவதற்கு முன்னமே செடியிடம் ஓடுவாள். ஆனால் மொட்டு வைத்த போதெல்லாம் மான் முந்திக்கொண்டது.

துறைமுகத்து ஊரில் எந்தப் பிரச்சினைக்கும் முதல் மருந்து வலைதான். அடுத்த வீட்டில் இருந்த மீனவர் றஊப் நானா ஒரு பழைய வலையைத் தந்தார். அப்பா அதைச் செடிக்குமேல் போர்த்திக் கட்டினார்.

மறுநாள் விடியற்காலையில் பார்த்தால், மானின் கொம்பு வலைக்குள் சிக்கியிருந்தது. அது துள்ளத் துள்ள வலை இறுகியது. அப்பாவும் றஊப் நானாவும் கத்தியால் வலையை அறுத்துவிட்ட பிறகுதான் அது தப்பி ஓடியது. செடியின் பாதிக் கிளைகள் முறிந்து கிடந்தன.

"ஒரு பூச்செடியாலே ஒரு சீவன் சாகக்கூடாது" என்றார் அப்பா. "இனி ஒருக்கா மான் உள்ளுக்கு வந்தால், செடியைப் பிடுங்கிப்போடுவன்."

கீர்த்தனி அழுதாள். அப்பா சொன்னதிலும் நியாயம் இருந்ததுதான் அவளுக்கு இன்னும் கவலை.

முறிந்த கிளைகளை வெட்டித் தண்ணீர் ஊற்றினாள். சில நாட்களில் புதுத் தளிர் வந்தது. தளிர் வந்தால் மானும் வருமே!

அப்போதுதான் அவளுக்கு ஒரு யோசனை தட்டியது. குசினிச் சுவரோரம் பசளிக்கீரைக் கொடி பச்சைப்பசேல் என்று படர்ந்திருந்தது. மானுக்குப் பசளி என்றால் உயிர். முற்றம் முழுவதும் மேய்ந்த மான் அதை மட்டும் ஏன் விட்டது? அம்மாவைக் கேட்டாள். அம்மாவுக்கும் தெரியவில்லை. கீர்த்தனி கொடியின் பக்கத்தில் குந்தியிருந்து மோந்து பார்த்தாள். உடனே மூக்கைப் பொத்திக்கொண்டாள். அம்மா மீன் கழுவிய தண்ணீரை ஊற்றுவது அந்த இடத்தில்தான்.

அன்று மத்தியானமே மீன் சட்டியைத் தூக்கிக்கொண்டு மல்லிகையிடம் ஓடினாள். அம்மா குறுக்கே வந்து நின்றார்.

"சாமிக்கு வைக்கிற பூவுக்கு மீன் தண்ணியோ? ஏலாது."

கீர்த்தனி சட்டியோடு நின்று யோசித்தாள். மணக்கவேண்டியது செடி இல்லையே. மான் தாண்டும் இடம் மணந்தால் போதாதா? வேலிக்கு வெளியே, நீளத்துக்கு ஊற்றினாள். அம்மா குசினிக்குத் திரும்பிப் போனார்.

பின்னேரம் மான் வந்தது. வேலிக்குமேல் கழுத்தை நீட்டியது. ஒரு தும்மல் போட்டது. திரும்பிப் போய்விட்டது. அதன்பிறகு தினமும் மீன் தண்ணீர், தினமும் தும்மல். மல்லிகை மொட்டு வைத்தது. மொட்டுகள் பருத்தன.

அப்போது பார்த்து வெள்ளிக்கிழமை வந்தது.

வெள்ளிக்கிழமையில் அவர்கள் வீட்டில் மரக்கறிதான். குசினியில் பூசணிக்காய் கழுவிய தண்ணீர்தான் இருந்தது. அதை ஊற்றினால் மான் விருந்து என்றல்லவா நினைக்கும்! நேற்றைய மணமும் வெயிலில் போய்விட்டது. தெருமுனையில் மான் ஆடி அசைந்து வந்துகொண்டிருந்தது.

கீர்த்தனி றஊப் நானா வீட்டுக்கு ஓடினாள். அவருடைய மனைவி றஹ்மா மாமி முற்றத்தில் சூடை மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"மாமி, மீன் கழுவின தண்ணி கொஞ்சம் தருவீங்களோ?"

மாமி சிரித்துவிட்டார். "சீனி கேட்டு வந்திருக்காங்க, தேங்கா கேட்டு வந்திருக்காங்க. மீன் தண்ணி கேட்டு வாற முதல் ஆள் நீதான் புள்ள."

சொல்லிக்கொண்டே சட்டியைத் தூக்கிக் கொடுத்தார். கீர்த்தனி மூச்சு வாங்க ஓடிவந்து வேலியோரம் முழுவதும் ஊற்றினாள். விளக்கேற்றிக்கொண்டிருந்த அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினாரே தவிர, ஏசவில்லை. மான் வந்து கழுத்தை நீட்டியது. அதற்குத் தும்மல் நிற்கவேயில்லை.

அடுத்த நாள் பொழுதுபட்டபோது முதல் மொட்டு விரிந்தது. இதழுக்குள் இதழ், அதற்குள் இன்னும் இதழ். அடுக்கு மல்லிகையேதான்! பூவும் மீன் மணக்குமோ என்று பயந்து பயந்து மோந்து பார்த்தாள். நல்ல மல்லிகை வாசம்.

அம்மா பூப்பறிக்கத் தட்டோடு வந்தார்.

"அம்மா, இண்டைக்கு மட்டும் செடியிலேயே இருக்கட்டுமே. நான் இன்னும் பார்த்து முடியேல்லை."

அம்மா பூவைப் பார்த்தார். மகளையும் பார்த்தார்.

"சரி. பிள்ளையாருக்கு இண்டைக்குச் செவ்வரத்தம்பூவே போதும்."

ஆனால் படுக்கப் போகும்வரை, ஒவ்வொரு சாக்காகச் சொல்லிக்கொண்டு அம்மாவேதான் அந்தப் பூவிடம் போய்ப் போய் வந்தார்.