நாற்பத்தொரு இடங்கள்

வாசலில் நான்கு ஜோடிச் செருப்பு கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி இருக்கும். குப்பைக் கூடையை வெளியே வைக்கப் போனவள் அதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். ஒன்று அவளுடையது. ஒன்று கணவனுடையது, குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்தது. ஒன்று மகளுடைய நீலச் செருப்பு. அறுந்த வாரை அன்று காலைதான் கைக்குக் கிடைத்த மஞ்சள் நூலால் தைத்துக் கொடுத்திருந்தாள். நான்காவது, சுவரை ஒட்டி, முனை வீட்டுக்குள் பார்த்தபடி இருந்தது. கறுப்பு. எட்டு வயதுக் குழந்தையின் அளவு. சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. மழை பெய்து பத்து நாளாகிறது.

"வாலு, யாராவது விளையாட வந்திருக்காங்களா?"

மகளுக்கு வீட்டில் வைத்த பெயர் அது. காரணம் தெரிய வேண்டுமென்றால் அவளோடு ஐந்து நிமிடம் இருந்தால் போதும். "இல்லம்மா, நான் மட்டும்தான்," என்று ஹாலிலிருந்து பதில் வந்தது. தரையில் குப்புறப் படுத்து, நாக்கை லேசாக வெளியே நீட்டிக்கொண்டு, எதையோ முனகிப் பாடியபடி படம் வரைந்துகொண்டிருந்தாள்.

ஐந்து ஜோடி. கிடந்தது நான்குதான்; ஆனாலும் கடைசியாகப் படித்த கதையிலிருந்து அந்த எண் வந்து அவள் மனதில் உட்கார்ந்தது.

அவள் தொழில் எடிட்டர். அடுத்தவர் எழுதிய நாவலையும் திரைக்கதையையும் வாங்கிப் படித்து, எங்கே தொய்கிறது, எங்கே இடிக்கிறது என்று பார்த்துச் சொல்கிறவள். பதிப்பகத்தில் முகத்துக்கு நேரே எடிட்டரம்மா என்பார்கள், முதுகுக்குப் பின்னால் கத்தரிக்கோல் என்பார்கள். இரண்டுமே அவளுக்குப் பெருமைதான். நான்காம் அத்தியாயத்தில் இடது கையை இழந்தவன் பதினொன்றாம் அத்தியாயத்தில் கை தட்டுவதைக் கண்டுபிடித்து, பெரிய எழுத்தாளர் ஒருவரை அசடு வழிய வைத்தவள். ஒவ்வொரு கதைக்கும் ஒரு நீளத் தாளில் பட்டியல் போட்டுக்கொள்வாள்: வீட்டில் எத்தனை பேர், யாருக்கு எந்த அறை, எத்தனை படி, எத்தனை செருப்பு.

கடைசியாகப் பார்த்தது ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருத்தி எழுதிய முதல் நாவல். முந்நூறு பக்கமும் பென்சிலில், குண்டு குண்டான எழுத்தில். நாலு பேர் கொண்ட ஒரு குடும்பம், அவர்களுடைய சண்டை, சமாதானம். நன்றாகவே இருந்தது. ஒரே ஒரு குறை. நாலு பேர் வீட்டு வாசலில் ஐந்து ஜோடிச் செருப்பு கிடந்தது. ஐந்தாவது எப்போதும் ஈரம். யாராவது கதவைத் திறந்தால் அது சுவரில் முட்டாமல் நாலு விரல் தள்ளி நின்றது, ஏனென்றால் பின்னால் ஒரு குழந்தை நின்றது. அதற்குப் பெயர் இல்லை, பேச்சு இல்லை, கதையில் ஒரு வேலையும் இல்லை. அடுத்த வரியில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள். இப்படி நாற்பத்தொரு இடங்கள்.

இந்த மாதிரி இடத்தில் என்ன செய்வது என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவளே அவள்தான். அடிக்காதே, ஓரத்தில் கேள்வி எழுது. எழுதியவரைக் கேட்காமல் ஒரு சொல்லை எடுக்காதே; உன் கையால் ஒரு சொல்லைச் சேர்க்காதே. ஆனால் நர்ஸம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தார். பதிப்பாளர் தினமும் போன் போட்டு உயிரை எடுத்தார். இதில் கேட்க என்ன இருக்கிறது என்று சிவப்புப் பென்சிலை எடுத்தவள், நாற்பத்தொரு இடத்தையும் அடித்துத் தள்ளிவிட்டாள். தட்டச்சு முடிந்து, கையெழுத்துப் பிரதி முந்தின நாள்தான் அவள் மேஜைக்குத் திரும்பி வந்திருந்தது.

குனிந்து கறுப்புச் செருப்பைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. பழைய கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் வருமே, அந்தப் பாசி வாடை.

எல்லாம் மனப் பிரமை, தூக்கம் போதவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளே வந்தாள். படுக்கையறையில் கணவன் மதியத் தூக்கத்தில் இருந்தான். அவனுடைய குறட்டையும், மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை முக்குகிற சத்தமும், பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தமும் எப்போதும் போலக் கேட்டுக்கொண்டிருக்க, இவற்றுக்கு அடியில் இன்னொன்றும் கேட்டது: சொட்டு, சற்று நேரம், இன்னொரு சொட்டு. குளியலறையிலிருந்து அல்ல. அவள் வேலை செய்யும் அறையிலிருந்து. கதவைத் தள்ளினாள். பத்து வருடமாகச் சுவரில் டொக்கென்று முட்டி, காரையை ஒரு ரூபாய் அளவுக்குப் பெயர்த்து வைத்திருக்கிற கதவு.

முட்டவில்லை. நாலு விரல் தள்ளி, மெத்தையில் பட்டதுபோல நின்றது.

அவள் கதவுக்குப் பின்னால் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. மேஜை மேல் போன் அடித்தது.

"எடிட்டரம்மா, நான்தான்." நர்ஸம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "புரூஃப் இப்பதான் கைக்கு வந்துச்சு. அதை எடுத்துட்டீங்களே."

"நாலு பேர் வீட்டுல அஞ்சாவதா ஒண்ணு வந்துச்சா, கைத்தவறுதலோன்னு..."

"எல்லா இடத்துலயுமா?"

"எல்லா இடத்துலயும்."

"அதைக் கதைக்காக எழுதலம்மா. அதுக்கு இருக்க ஒரு இடம் வேணும், அதுக்காக எழுதினேன். எழுதின பிறகுதான் எங்க வீட்டை விட்டுப் போச்சு. உங்க வீட்டுல எத்தனை பேர்?"

"மூணு."

"வாசல்ல?"

"நாலு ஜோடி," என்றாள்.

"நாலா இருக்கிற வரைக்கும் ஒண்ணும் பண்ணாது, அது பாட்டுக்கு நிக்கும். ஒருத்தர் இடம் காலியாகட்டும்னு காத்துக்கிட்டிருக்கும். எங்க மூத்தவன் இடத்துல அது வந்து உட்கார்ந்தப்ப வீட்டுல ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியல. பெத்தவ, எனக்கு மட்டும்தான் தெரிஞ்சுது." அழுகிறாரா, மூச்சுத் திணறலா என்று புரியவில்லை. "அடிச்சதை எல்லாம் பழையபடி ஆக்கிடுங்க. அந்தக் காகிதத்துலயே. இப்பவே."

கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ரப்பரை எடுத்தாள்.

சிவப்புப் பென்சில் லேசில் போகிற சாதி இல்லை. அழுத்தித் தேய்த்தாள். சிவப்போடு சேர்ந்து அடியில் இருந்த நர்ஸம்மாவின் எழுத்தும் போனது. தாளில் பென்சில் பதிந்த தடம் மட்டும் மிஞ்சியது. வேறு வழியில்லாமல் தடத்தின் மேலேயே தன் கையால் எழுதினாள். உன் கையால் ஒரு சொல்லைச் சேர்க்காதே. தெரியும். தெரிந்துதான் எழுதினாள். ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து.

"அம்மா, கதவுக்குப் பின்னால யாரு?" வாலு அறை வாசலில் நின்றாள்.

"இங்க வராத! போ, ஹால்லயே உட்காரு. வந்தே, அடிதான்."

மகளை அவள் அடித்ததே கிடையாது. வாலு திரும்பிப் போனாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி அந்த முனகல் பாட்டு தொடங்கியது. அது கேட்கிற வரை மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம். அதைக் காதில் பிடித்துக்கொண்டே தேய்த்தாள், எழுதினாள். இருபதாவது இடத்துக்குப் பிறகு தடமும் சரியாகத் தெரியவில்லை. ஞாபகத்திலிருந்து எழுதினாள். வெளிச்சம் மங்கியது. பாசி வாடை பிடரிக்குப் பக்கத்தில் வந்தது. முப்பது. எழுதினதைத் திரும்பிப் படிக்க நேரமில்லை. கை தானாக ஓடியது. சொட்டு. முப்பத்தைந்து. சொட்டு, இன்னும் கிட்டத்தில். நாற்பது.

நாற்பத்தொன்று.

சொட்டும் சத்தம் நின்றது. வாடை போனது. வீடு முழுக்க நிசப்தம். கதவைத் தள்ளிப் பார்த்தாள். டொக். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. தடுமாறிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

மூன்று ஜோடி.

மூன்று பேர், மூன்று ஜோடி. சரியாக இருந்தது. பட்டியல் பொருந்தும்போது வருகிற அந்த நிம்மதியோடு சுவரில் சாய்ந்து இன்னொரு முறை எண்ணினாள். அவளுடையது. கணவனுடையது. கறுப்பு.

கறுப்பு, உலர்ந்திருந்தது.

"என்ன வாசல்ல நின்னுட்ட?" கணவன் கண்ணைக் கசக்கியபடி வந்தான். "வாலு பசிக்குதுங்கறா."

"வாலு எங்க?"

"இதென்ன கேள்வி? உன் ரூம்லதான் இருக்கா. தலையை நல்லாத் துவட்டி விடு, ஈரமாவே இருக்கு."

ஹாலில் படம் பாதியில் கிடந்தது. பாட்டு எப்போது நின்றது? அவளுக்குத் தெரியவில்லை. முப்பதிலா, நாற்பதிலா. கேட்டுக்கொண்டேதானே எழுதினாள். கேட்டதையே எழுதினாளா?

ஓடினாள்.

அவளுடைய நாற்காலியில் ஒரு குழந்தை முதுகு காட்டி உட்கார்ந்திருந்தது. வாலுவின் சட்டை. முடியிலிருந்து தண்ணீர் இறங்கிச் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. எதிரே பிரதி விரிந்து கிடந்தது. அந்தப் பக்கத்தில் நர்ஸம்மாவின் குண்டு எழுத்துக்கு நடுவே சாய்ந்த கையெழுத்தில், அவளுடைய கையெழுத்தில், அவள் யோசிக்காமல் எழுதிய வரி: கதவுக்குப் பின்னால் அந்தக் குழந்தை நின்றது, மஞ்சள் நூலால் தைத்த நீலச் செருப்போடு, எதையோ முனகிப் பாடிக்கொண்டு.

அந்தப் பாட்டு இப்போதும் கேட்டது. ரொம்பச் சன்னமாக. காகிதத்திலிருந்து.

சிவப்புப் பென்சில். அந்த வரியை மறுபடி அடித்தால் வாலு வெளியே வந்துவிடுவாள். அடித்தால் போதும். பென்சில் எங்கே? மேஜையில் இல்லை. குழந்தையின் இடது கைக்குள் இருந்தது, கெட்டியாக. வலது கையில் ரப்பர்.

அது நாக்கை லேசாக வெளியே நீட்டிக்கொண்டு, அவள் எழுதிய வரியைத் தேய்த்தது.

அவள் பாய்ந்தாள். அவள் வாயிலிருந்து வந்தது சொல்லே இல்லை. கணவன் பின்னாலிருந்து இரண்டு கையாலும் அவளை இறுக்கிப் பிடித்தான். "பைத்தியமா உனக்கு? குழந்தைம்மா அது! பாரு, எப்படிப் பயந்துபோச்சு!"

"நம்ம குழந்தை இல்லைங்க. நம்ம குழந்தை அதுல இருக்கா. காகிதத்துல இருக்கா. விடுங்க, விடுங்க!"

அவன் விடவில்லை. முழங்கைக்கு மேல் அவன் விரல்கள் பதிந்தன. அவன் அழுதுகொண்டிருந்தான், அவளுக்காக.

ஒரு வரி போனது. பக்கம் திரும்பியது. இன்னொரு வரி. ஒவ்வொன்றுக்கும் பாட்டு கொஞ்சம் தேய்ந்தது. கடைசிப் பக்கம் வந்தபோது அது பாட்டாக இல்லை. அம்மா என்று மட்டும் கேட்டது.

குழந்தை திரும்பி அவளைப் பார்த்தது. தாள் மேல் விழுந்திருந்த ரப்பர் துகளை, வாலு ஊதுகிற மாதிரியே, கன்னம் உப்ப ஊதியது. பிறகு கடைசி வரியின் மேல் ரப்பரோடு குனிந்தது.