தனி மேசை

சின்ன மேசைக்கு அடியில் மறுபடியும் தண்ணீர் தேங்கியிருந்தது. கூரை ஒழுகவில்லை, ஒழுகுவதற்கு ஒரு சொட்டுக்கூட இல்லாமல் பென்சில்வேனியா முழுக்க உறைந்து கிடந்தது. வெரேனா குனிந்து துடைத்தாள். துணியில் ஓடைச் சேற்று நாற்றம், அழுகிய இலை நாற்றம், அதற்கும் அடியில் அவள் கணவன் நிக்லாஸின் கம்பளிச் சட்டை வாசனை. அவன் செத்து மூன்று வாரம். மூன்று வாரமாக மத்தியானச் சாப்பாட்டு வேளையில் இதே கதைதான்.

அது அவனுக்கென்று சபை போடவைத்த மேசை. இலையுதிர்காலத்தில் அவர்களுடைய கைக்குழந்தை சாகக் கிடந்தபோது, நிக்லாஸ் அதைத் தூக்கிக்கொண்டு வேறு சபையான லூத்தரன் பாதிரியாரிடம் ஓடி ஞானஸ்நானம் கொடுக்க வைத்தான். விவரம் தெரியாத பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது இவர்கள் சபையில் பெரிய பாவம். பிள்ளையும் பிழைக்கவில்லை. சபை அவனை விலக்கி வைத்தது. மனைவியே ஆனாலும் அவனோடு ஒரே மேசையில் உண்ணக் கூடாது, அவன் கையிலிருந்து எதையும் வாங்கக் கூடாது. விசுவாசத்துக்காகச் சொந்த ஊரில் விரட்டப்பட்டுக் கப்பலேறி வந்த கூட்டம், வந்த இடத்தில் தானும் விரட்ட ஓர் ஆளைத் தேடிக்கொண்டது.

"ராஜாவுக்குத்தான் தனி மேசை போடுவாங்க. எனக்கும் போட்டுட்டாங்க பாரு," என்று அவன் சிரிப்பான். அவள் சிரித்ததில்லை. ஒரு வேளைகூட விதியை மீறியதில்லை.

உறைந்த ஓடையில் அவன் காலடிப் பனி உடைந்த அன்றும் மீறவில்லை. கழுத்தளவு நீரில் நின்றுகொண்டு, "வெரேனி, கையப் புடி," என்று நீட்டினான். அவள் கை பாதி தூரம் போய் நின்றது. யாராவது பார்க்கிறார்களா என்று பாதையைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடி திரும்பியபோது பனியில் ஓட்டை மட்டும் இருந்தது. உடல் இன்னும் கிடைக்கவில்லை.

கோயில் கட்டாத சபை அது, வீடு வீடாகக் கூடும். அந்த ஞாயிறு வெரேனாவின் முறை. மூன்று மணி நேரம் இழுத்து இழுத்துப் பாடினார்கள். அவள் காதில் விழுந்ததெல்லாம் சொட்டுகிற சத்தம்தான். எல்லோரும் போனபின் மூப்பர் யோஸ்டை நிறுத்தி, ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"கையப் புடிச்சு இழுத்திருக்கலாமேம்மா. ஆபத்துல உதவக் கூடாதுன்னு நாங்க எப்போ சொன்னோம்?"

"அவர் கையிலருந்து எதையும் வாங்கக் கூடாதுன்னீங்க."

"அது ரொட்டி, உப்பு மாதிரி. உசுரையா சொன்னோம்?"

இதை அன்றைக்கே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன?

"தடைய எடுத்துடுங்க பெரியவரே. எடுத்தா அவர் நிம்மதியாப் போயிடுவாரு."

யோஸ்ட் ஈரத் தரையைப் பார்த்தார். செத்தவனுக்குத் தடை எடுக்கிற வழக்கம் இல்லை. ஆனாலும் அவருக்குச் சீக்கிரம் வீடு போய்ச் சேர வேண்டியிருந்தது.

"சரி, எடுத்தாச்சு. இனி அவன் நம்ம சகோதரன். உன்கூட ஒரே மேசையில உக்காரலாம்."

சின்ன மேசையை அவரே களஞ்சியத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, பனிச்சறுக்கு வண்டியில் ஏறிப் போனார்.

மறுநாள் மத்தியானம் தரை காய்ந்திருந்தது. வெரேனா பட்டாணிக் கஞ்சியை ஊற்றிக்கொண்டு பெரிய மேசையில் உட்கார்ந்தாள். பிள்ளை போனபிறகு முதல்முறையாக அவளுக்குப் பசித்தது. கண்ணை மூடி மௌனமாக ஜெபித்தாள்.

சொட்டு.

சின்ன மேசை இருந்த மூலையில் இல்லை. இன்னும் பக்கத்தில்.

எதிர் பெஞ்சு கிறீச்சிட்டது. பாரம் ஏறிய சத்தம். சேற்று நாற்றம். ஈரக் கம்பளி.

ஜெபத்தை நீட்டினாள். சொற்கள் தீர்ந்தன. கண்ணைத் திறந்தாள்.

முகத்தைப் பார்க்கவில்லை. பெரிய மேசையின் குறுக்கே, அவள் கஞ்சிக் கிண்ணத்தைத் தாண்டி, ஒரு கை நீண்டிருந்தது. நீலம் பாரித்த விரல்கள். நகக்கண்ணில் பனித்தூள்.

"வெரேனி. கையப் புடி."

மறுக்க இப்போது அவளிடம் ஒரு விதியும் இல்லை. கை அப்படியே நீண்டிருந்தது.