பின் சீட்டுக்கு ஒரு ஜோடி கையுறை

மேலிஸ்கோப் பனிச்சறுக்கு மேட்டிலிருந்து உமாபதியின் பழைய ஃபோக்ஸ்வாகன் கிளம்பியபோது மணி மூன்று. 1972 பிப்ரவரி. பக்கத்தில் வத்சலா. மெட்ராஸிலிருந்து வந்து நான்கு நாள்தான் ஆகிறது. போன வருஷம் இதே மாதம், இதே காரில் செத்துப்போன சேதுராமனின் மனைவி.

"அவர் கடைசியா போன வழியில என்னையும் ஒரு தடவை கூட்டிண்டு போங்கோ அண்ணா" என்று கேட்டாள். மாட்டேன் என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

கார்ல்ஸ்ரூஹே நகரில் ரசாயன ஆராய்ச்சி செய்த உமாபதி, சேதுராமன் என்ற அந்த இரண்டு மேதாவிகளுக்கும் சறுக்கத் தெரியாது. வாடகைப் பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பத்தான் அன்று வந்தார்கள். இங்கே எடுத்தது போதாதென்று, புயலில் அடுத்த மேடான ரூஹெஸ்டைனுக்குக் கிளம்பினார்கள். நடுவழியில், ஒரு வளைவில், கார் சாலையோரப் பள்ளத்தில் இறங்கிவிட்டது.

உதவி தேடிப் போனவன் உமாபதி. போகும்போது புத்திமதி வேறு சொன்னான். "இன்ஜின் பின்னாடி இருக்கு, பின் சீட்டுதான் கதகதப்பு. அங்க போய் உட்காரு. கண்ணாடியை இறுக்கி ஏத்திக்கோ. இன்ஜினை மட்டும் நிறுத்திடாதே." புகைக்குழாயைப் பனி மூடிக்கொள்ளும் என்று மெட்ராஸ் வெயிலில் வளர்ந்தவனுக்குத் தோன்றவில்லை. புகை காருக்குள்ளே வந்தது. சேதுராமன் உட்கார்ந்தபடியே போய்விட்டான்.

அது தெரியாமல் செய்தது. உமாபதியை ஒரு வருஷமாக அரித்துக்கொண்டிருந்தது வேறு. இன்றைக்கு அதை இவளிடம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இந்த ஜன்மத்தில் முடியாது என்றுதான் வண்டியை எடுத்தான்.

காடு ஆரம்பித்ததும் காற்று பிடித்துக்கொண்டது. பட்டப்பகலிலேயே முன்னால் ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் வெள்ளை. வைப்பர் முனகியது. காருக்குள் எங்கிருந்தோ ஈரக் கம்பளி வாடை வந்தது.

அந்த வளைவில் ஓரம் கட்டினான். நிறுத்தியதும் முதல் காரியமாக இன்ஜினை அணைத்தான்.

"இங்கதானா?"

"இங்கதான்."

வத்சலா ஜன்னலில் படிந்த ஈரத்தைத் துடைத்து வெளியே பார்த்தாள். "நீங்க திரும்பி வர எவ்வளவு நேரம் ஆச்சு அண்ணா?"

சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"கால் மணி. வழி தவறிட்டேன். இல்லாட்டி இன்னும் சீக்கிரம் வந்திருப்பேன்."

பின் சீட்டில் யாரோ உள்ளங்கைகளைத் தேய்த்தார்கள்.

சரக், சரக். பிறகு, கைக்குள் வாயால் ஊதும் சத்தம்.

உமாபதி திரும்பிப் பார்த்தான். சீட் காலி.

"அவர் இப்படித்தான் தேய்ப்பார்" என்றாள் வத்சலா, மிக மெல்ல. "மார்கழி மாசத்துல, குளிச்சிட்டு வந்து."

"அரை மணி ஆச்சு" என்றான் உமாபதி.

தேய்க்கும் வேகம் கூடியது. சீட்டின் ஸ்பிரிங் கிறீச்சிட்டது.

"முக்கால் மணி."

இன்னும் வேகம். அவன் பிடரியில் ஜில்லென்று மூச்சு பட்டது.

"ஒண்ணேகால் மணி நேரம்" என்று முகத்தைக் கைகளால் பொத்திக்கொண்டான். "நான் வழி தவறலை. விடுதி பத்து நிமிஷத்துல வந்திடுச்சு. உள்ளே கணப்பு எரிஞ்சுது. கை சூடாகட்டும்னு உட்கார்ந்தேன். சூப் குடுத்தாங்க, குடிச்சேன். கார் மாட்டிக்கிச்சுன்னு யார்கிட்டயும் மூச்சு விடலை. சொன்னா உடனே எழுந்து இந்தக் குளிருக்குள்ள வரணுமேன்னு... அப்படியே தூங்கிட்டேன்."

சத்தம் நின்றது.

வெட்கத்தில் அவனுக்கு உடம்பே கூசியது. நண்பனுக்காகப் புயலில் அலைந்தவன் என்று ஒரு வருஷமாக எத்தனை பேர் முதுகில் தட்டிக் கொடுத்திருப்பார்கள்? அத்தனையையும் வாங்கிக்கொண்டுதானே இருந்தான்.

வத்சலா அழவில்லை, திட்டவும் இல்லை. "நான் பின்னி அனுப்பின கிளவுஸ் எங்கே?"

இருவருக்கும் அன்று இருந்தது அந்த ஒரு ஜோடிதான். நடக்கப் போகிறவன் நீதானே என்று சேதுராமன் கழற்றிக் கொடுத்தது. தொலைந்துவிட்டதாக அவளுக்குக் கடிதம் எழுதியவன் உமாபதி. டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தான். அவள் திரும்பி, இரண்டையும் பின் சீட்டில் பக்கம் பக்கமாக வைத்தாள்.

"போட்டுக்கோங்கோ" என்றாள் காலி இடத்தைப் பார்த்து.

வண்டி கிளம்பியது. காற்று தணிந்து, கீழே ரூஹெஸ்டைனின் விளக்குகள் தெரிந்தன. ஒரு வருஷத்துக்குப் பிறகு உமாபதிக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

"நீங்க கிளம்பறச்சே அவர் ஏதாவது சொன்னாரா அண்ணா?"

சொன்னான். அன்று சேதுராமன், "போகாதேடா, எனக்குப் பயமா இருக்கு" என்றான். குழந்தையா நீ என்று கேலி செய்துவிட்டு உமாபதி கதவைச் சாத்தினான்.

"ஒண்ணும் சொல்லலை" என்றான் இப்போது. "சிரிச்சுக்கிட்டேதான் இருந்தான்."

வத்சலா தலையசைத்தாள்.

பின் சீட்டில் தேய்க்கும் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. இந்தத் தடவை, கம்பளியோடு கம்பளி.